ஓடைக்கு வரைபடம் கேட்ட கதை

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். உண்மையை எழுதிவிட்டு, அதைப் பொய் என்று தானே சொல்லி மாட்டிக்கொண்ட ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சிவில் டிப்ளமோ முடித்த கர்வம் தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்த காலம்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆரணியில் சண்முகம் சார் என்ற கட்டட இன்ஜினியரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். வீட்டு பிளான்தான் எங்கள் தொழில். (ஈசானிய மூலையில் கழிவறை வந்துவிட்டது என்று திரும்பி வரும் பிளான்களைத் திருத்துவதில் பாதி நாள் போய்விடும்.) அந்த அலுவலகத்தின் சொத்து இரண்டு நாற்காலி, ஒரு வரைபலகை, சாருடைய மொபெட். மழை பெய்தால் மொபெட்டும் உள்ளே வந்துவிடும், நான் வெளியே நிற்பேன்.

எங்கள் வீடு ஓடைக்கரைத் தெருவில் இருந்தது. பின்னால் ஓடிய ஓடை, ஏரி நிரம்பி வழியும் தண்ணீரை ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக ஏற்பட்டது. ஐப்பசி கார்த்திகையில் அது ஆற்றை மறந்துவிட்டு எங்கள் வீடுகளுக்கு வரும். தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. தறிக்குக் கீழே ஒரு குழி இருக்கும். நெய்கிறவர் அதற்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் மிதிக்க வேண்டும். வெள்ளம் வாசல் தாண்டினால் முதலில் நிரம்புவது அந்தக் குழி. அப்புறம் மேலே இழுத்துக் கட்டியிருக்கும் பாவு நூலில் ஈரம் ஏறும். சிவப்புக் கரையின் சாயம் நீல உடம்பில் இறங்கும். ஜரிகை கறுக்கும்.

அப்படி ஆனால் எங்கள் தெருவில் என்ன செய்வார்கள் என்பது எனக்குப் பால் குடிக்கிற வயதிலிருந்தே தெரியும். முதலில் வாசல் கதவைச் சாத்துவார்கள். கரி அடுப்பு மூட்டி, விசிறி எடுத்து, நாலைந்து நாள் பாவைக் காய வைப்பார்கள். யாரிடமும் மூச்சு விட மாட்டார்கள். முக்கியமாக, பாவு கொடுத்த முதலாளியிடம். கூலிக்கு நெய்கிறவர்களுக்கு நூலும் ஜரிகையும் முதலாளியுடையது. தண்ணீர் புகும் வீடு என்று தெரிந்தால் அடுத்த பாவு வேறு தெருவுக்குப் போய்விடும். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் ராஜமாணிக்கம் முதலாளியின் பாவு. எங்கள் அப்பா தானியேலின் (நாங்கள் நைனா என்போம்) தறியிலும் அவருடையதுதான். இதையெல்லாம் நான் என் பேரைப் போல அறிந்திருந்தேன். அறிந்து என்ன பயன்?

அந்த வருஷம் வெள்ளம் வழக்கத்தை விட ஒரு படி மேலே வந்து போனது. ஓடையை அகலப்படுத்தி இரண்டு பக்கமும் சுவர் எழுப்ப வேண்டும் என்று ஊரே பேசியது. ஆனால் சுவர் கட்டப் பணம் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் முறையான வடிவமைப்பு வேண்டும். எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும், எங்கே எவ்வளவு ஆழம், எவ்வளவு உயரச் சுவர் என்று நிபுணர்கள் அளந்து கணக்குப் போட்டு வரைய வேண்டும். அந்த வடிவமைப்புக்கே பெரும் பணம் ஆகும். சென்னையில் ஓர் அலுவலகம், வடிவமைப்புக்கு மட்டும் நிதி கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு மனு தயாரிக்கும் வேலை சண்முகம் சாரிடம் வந்தது. சார் அதை என்னிடம் தள்ளினார்.

தெருவுக்கு இதை விளங்க வைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

"ஓடையை வெட்ட காசு குடுக்கறாங்களா எஸ்தரு?" என்று கேட்டாள் முதல் வீட்டு சரோஜாக்கா.

"இல்லக்கா. எப்படி வெட்டறதுன்னு வரையறதுக்கு."

"வரையறதுக்கா? நீதான் பென்சிலை வெச்சிகினு சும்மா குந்திகினு இருக்கியே. நீயே வரைஞ்சி குடுத்துட்டு போயேன்."

ஆனாலும் தெரு என்னை நம்பியது. வேறு யார் வந்து கேட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். நான் அங்கே பாவாடை கட்டித் திரிந்த பெண். கையில் டேப்போடு வீடு வீடாகப் போனேன். சுவரில் படிந்த சேற்றுக் கோட்டைக் காட்டினார்கள், தறிக்குழியைக் காட்டினார்கள், கறுத்த ஜரிகையைக்கூடக் காட்டினார்கள். நான் கால் அங்குலம் விடாமல் அளந்து, கதவு எண், பெயர், தண்ணீர் வந்த உயரம் என்று பட்டியல் போட்டேன். எங்கள் வீட்டுக்கு நேரே "இரண்டரை அடி" என்று எழுதினேன். அவ்வளவு அழகான பட்டியலை நான் அதற்குப் பிறகு போட்டதில்லை.

சென்னையிலிருந்து பதில் வந்தது. ஓர் அதிகாரி நேரில் வருவார், பாதிப்பைப் பார்ப்பார், உண்மை என்று பட்டால் கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு கையெழுத்தில் தெருவின் அடுத்த ஐம்பது வருஷம் இருக்கிறது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். முதல் நாள் மாலை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, போதும்" என்று கேட்டுக்கொண்டேன். சரோஜாக்கா ஒரு படி மேலே போய் ஒத்திகையே பார்த்தாள்.

"அவரு உள்ள வந்தவுடனே அழவா, குந்தினப்புறம் அழவா?"

"குந்தினப்புறம் அழுக்கா. வந்தவுடனே அழுதா எழவு வீடுன்னு நினைச்சி திரும்பிடுவாரு."

எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு குறை, வண்டி. அதிகாரி பஸ்ஸில் வந்து இறங்குகிறார். அவரை ஊருக்குள் அழைத்துப் போக எங்களிடம் இருந்தது மொபெட். சார் ஓட்ட, அதிகாரி பின்னால் உட்கார்ந்து சாரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளப் பாதிப்பைப் பார்வையிடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களைத்தான் நான் இன்றுவரை சபித்துக்கொண்டிருக்கிறேன்.) ஊரில் பளபளவென்று ஒரு வெள்ளை அம்பாசடர் இருந்தது. ராஜமாணிக்கம் முதலாளியுடையது.

போய்க் கேட்டேன். முதலாளி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "ஓடைக்கரைத் தெருவுக்கா? வெள்ளத்தை பாக்கவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஊருக்கு நல்லது நடக்கறப்போ காரு மட்டும் போனா நல்லா இருக்குமா? நானும் கூட வரேன்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அதிகாரி வந்த அன்று காலை அவருக்கு என் கைக்காசில் டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அதிகாரி மெலிந்த மனிதர். சிரிக்க மாட்டார். கையில் குடை, சட்டைப்பையில் பச்சை மைப் பேனா. சாரும் நானும் பின் சீட்டில் அவருக்கு இரண்டு பக்கமும், முதலாளி முன் சீட்டில். வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்பியதும் தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மரியாதை என்று நினைத்தேன்.

சரோஜாக்கா வாசலுக்கு வந்தாள். முகம் ஏற்கனவே அழத் தயாராக இருந்தது, உதடு துடித்தது. முன் கதவு திறந்து முதலாளி இறங்கினார். ஒரு முகம் அவ்வளவு வேகமாக மாறி நான் பார்த்ததில்லை.

"வாங்க முதலாளி! வாங்க சார்! காபி போடட்டுமா?"

"வெள்ளத்தால உங்க வீட்டுக்கு என்ன பாதிப்பும்மா?" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"வெள்ளமா? எங்க வீட்லயா? நீங்க வேற சார். குடிக்கிற தண்ணிக்கே நாங்க குடத்தை தூக்கிகினு மூணு தெரு நடந்துகினு இருக்கோம்."

அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். சேற்றுக் கோடு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் என்னை முன்பின் பார்த்தவள் மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தெரு யாரிடம் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டி வாழ்கிறதோ, அவரையே காரில் வைத்துக் கூட்டி வந்திருக்கிறேன். அதுவும் முன் சீட்டில்.

இரண்டாவது வீட்டில் காலண்டர் முழங்கால் உயரத்தில் தொங்கியது. தேதி பார்க்க வேண்டுமென்றால் தரையில் உட்கார வேண்டும். அதிகாரி அதைச் சற்று நேரம் பார்த்தார். வீட்டுக்காரர், "குழந்தைங்க பாக்கட்டும்னு சார்" என்றார். அவருக்குக் குழந்தைகள் கிடையாது. மூன்றாவது வீட்டில் ஆறுமுகம் அண்ணன், நாலு வருஷமாக மழையே சரியில்லை என்று வானத்தைக் காட்டி வருத்தப்பட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தறிக்குழிக்குள்ளிருந்து ஒரு தவளை கத்தியது. எல்லோரும் குழியைப் பார்த்தோம். அது மறுபடியும் கத்தியது.

"கோயில் குளத்து தவளை சார். வழி தெரியாம வந்துட்டிருக்கும்" என்றார் முதலாளி.

அவர் ஏன் தவளைக்காக வாதாட வேண்டும் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. சண்முகம் சார் என்னைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். வீடு ஏற ஏற தெரு வறண்டுகொண்டே போனது. ஒருவர் கிணறு வற்றியதைச் சொன்னார், ஒருவர் குழாயடிச் சண்டையைச் சொன்னார். அதிகாரி பச்சை மையில் எழுதிக்கொண்டே வந்தார்.

கடைசி வீடு எங்களுடையது. அதை நான் வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தேன். ஏனென்றால் நைனா பொய் சொல்ல மாட்டார். சபையில் மூப்பர். சின்ன வயதில் பல்பம் தின்றுவிட்டு, வாயெல்லாம் வெள்ளையாக நின்றுகொண்டு, தின்னவில்லை என்று சொன்னதற்கு என்னைச் சாயங்காலம் வரை முட்டி போட வைத்தவர். யார் பின்வாங்கினாலும் அவர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், பட்டியல் பிழைத்துவிடும் என்று நினைத்தேன். அப்பாவையும் அதிகாரியையும் மட்டும் நினைத்தேன். நடுவில் நின்ற முதலாளியை நினைக்கவில்லை.

நைனா தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தறியில் நீலப் பாவு. வெள்ளம் வடிந்ததும் நானும் அவரும் அம்மாவும் மாறி மாறி விசிறிக் காய வைத்த பாவு. அவர் கை அதன் மேல் இருந்தது.

"பெரியவரே, போன மழைக்கு உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

நைனா பாவை ஒரு தரம் தடவினார். பிறகு, "மழைன்னா ஈரம் இருக்கறதுதானுங்களே. கர்த்தர் கிருபையில பட்டுக்கு ஒண்ணும் ஆவலீங்க" என்றார்.

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். "தானியேல் வீடு, இரண்டரை அடின்னு இருக்கே" என்று என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எழுதினீங்க? இவர் சொல்லி எழுதினீங்களா, அளந்தீங்களா?"

அந்த அதிகாரிக்கு இவர் என் அப்பா என்று தெரியாது. அவர் சொன்னார் என்றாலும் சரி, நான் அளந்தேன் என்றாலும் சரி, முதலாளியின் பாவு இரண்டரை அடித் தண்ணீரில் நின்றது என்று முதலாளி முன்னாலேயே சொன்னதாகும். அன்று சாயங்காலமே பாவு தறியை விட்டு இறங்கும். எங்கள் வீட்டில் உலை வைத்தது அந்தத் தறிதான். என் சம்பளம் காய்கறிக்குக் காணாது. தண்ணீரே வரவில்லை என்று சொன்னால், ஓடைக்கு வரைபடம் போச்சு. தெருவே போச்சு.

நைனா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கெஞ்சவில்லை. கூசிப்போய் நின்றார். பல்பம் தின்ற நாளில் நான் அப்படித்தான் நின்றிருப்பேன். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"யாரும் சொல்லல சார். நானா ஒரு அளவு போட்டு எழுதிட்டேன்."

"நீங்களா? மத்த வீடுங்க?"

"அதுவும்தான் சார்."

"பட்டியல் முழுக்கவா?"

"முழுக்க சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பட்டியலைப் பார்த்தார். "கால் அங்குலம் வரைக்கும் இவ்வளவு சுத்தமா ஒருத்தர் பொய் எழுதி நான் பார்த்ததில்லம்மா" என்றார். என் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. கடைசிப் பாராட்டும் அதுதான். ஏனென்றால் மறுநாள் சண்முகம் சார், "இத்தனை வருஷத்துல பிளான்ல ஒரு ஜன்னலைக்கூட நான் கற்பனையா போட்டதில்லம்மா" என்று சொல்லி, என் ஸ்கேலையும் பென்சில் பெட்டியையும் பேப்பரில் மடித்துக் கொடுத்துவிட்டார். அவர் பேரில் போன மனு அது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

நைனா அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் வேத பாடம் வாசிக்க எழுந்து போகவில்லை. முறை அவருடையது. பாஸ்டர் இரண்டு தரம் பார்த்தார். நைனா கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "பொய்யை உன் தலையில கட்டிட்டு நான் எப்படிம்மா வாசிப்பேன்" என்றார். தெருவில் நடந்துகொண்டே இரண்டு பேரும் அழுதோம்.

நீலப் புடவை முடிந்ததும் நைனாவோடு நானும் முதலாளி கடைக்குப் போனேன். (வேலை இல்லாதவளுக்கு எல்லா இடத்துக்கும் போக நேரம் இருக்கும்.) முதலாளி புடவையை விரித்து, ஒரு மடிப்பைக் காதருகே வைத்துக் கசக்கினார்.

"தண்ணி பட்ட பாவு" என்றார், சாதாரணமாக.

நைனா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாத்துக்கு இப்படி நடுங்கற தானியேலு? ஈரம் பட்டு காஞ்ச பட்டு கசக்கினா சத்தமே வேற. எனக்கு தெரியாதா? உங்க தெருவுல இருந்து தை மாசம் வர்ற புடவை எல்லாம் இப்படித்தான். இத்தினி வருஷமா நானும் பாத்துகினுதான் இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் மரியாதை எல்லாம் மறந்துவிட்டது. "தெரிஞ்சிகினுதான் அன்னைக்கு சும்மா நின்னீங்களா?" என்று கத்தினேன்.

"பின்ன? நான் சொன்னா ஆபீசரு எழுதுவாரு. எழுதினது நாலு பேரு கண்ணுல படும். வெள்ளத்துல ஊறின பட்டுன்னு மெட்ராஸ் கடைக்காரன் மொத்த சரக்கையும் திருப்பி அனுப்புவான். அப்புறம் பெரிய பேஜாராயிடும். உனக்கும்தான், எனக்கும்தான்." புடவையை மடித்தார். "நீ வந்து காரு கேட்டியே, நான் ஏன் கூட வந்தேன்னு நினைச்ச? யாராவது வாயை விட்டுடப் போறாங்களேன்னுதான்."

நான் வாங்கிக் கொடுத்த டீ நினைவுக்கு வந்தது. அவர் கூலியைக் குறைக்கவில்லை. அடுத்த பாவையும் கொடுத்தார். தெருவே பயந்து மறைத்தது, அவரும் பயந்து மறைத்தார். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஓடை மட்டும் வருஷா வருஷம் பயமில்லாமல் வந்து போனது.

சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. வடிவமைப்புக்கு நிதி இல்லை. ஆனால் ஆய்வின்போது பொதுமக்கள் ஒருமனதாகத் தெரிவித்த குடிநீர்த் தட்டுப்பாட்டை வேறு துறைக்குப் பரிந்துரைத்திருந்தார் அந்தப் பச்சை மை மனிதர். சொன்னதைச் செய்கிற மனிதர் போலிருக்கிறது. ஒரு நாள் லாரியில் செங்கல்லும் சிமென்ட்டும் வந்து இறங்கின. வெள்ளத்தைத் தடுக்கச் சொல்லி மனு கொடுத்த எங்கள் தெருவுக்கு, ஓடைக்குப் பக்கத்தில், இருப்பதிலேயே பள்ளமான இடத்தில், நாலு குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். வெள்ளையடித்துத் திறந்தும் வைத்தார்கள். தெரு அதற்கு எஸ்தர் டேங்க் என்று பெயர் வைத்தது. அடுத்த ஐப்பசியில் நாலு குழாயும் வெள்ளத்துக்கு அடியில் இருந்தன.

நான் சென்னைக்குப் போய்விட்டேன். வேறு ஊர்களுக்குக் கால்வாய் வரையும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது வழி கேட்டதற்கு, "எஸ்தர் வீடுங்களா? எஸ்தர் டேங்குக்கு எதிர்ல" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெண்ணின் பெயரில் தொட்டி கட்டும் அளவுக்கு வசதியான குடும்பம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டது தனிக் கதை.

பத்து வருஷத்துக்குப் பிறகு, வேறு யாரோ வேறு ஒரு மனு கொடுத்து, வடிவமைப்புக்கு நிதி வந்தேவிட்டது. அளக்க வந்த இன்ஜினியர், வழக்கம்போல் வீடு வீடாகப் போய், தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டார். வழக்கம்போல் ஒரு வீட்டிலும் தண்ணீர் வரவில்லை. கடைசியில் நைனாவிடம் வந்தார். நைனாவின் தறியில் அப்போதும் முதலாளி வீட்டுப் பாவுதான்.

நைனா இன்ஜினியர் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார். "நான் எதுவும் சொல்லலீங்க. நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தத் தொட்டிக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை. ஒவ்வொரு வருஷ வெள்ளமும் அதன் மேல் ஒரு சேற்றுக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக. அதை மறைக்க யாரும் காலண்டர் மாட்டவில்லை. தொட்டிக்குள் பட்டு இல்லையே. இன்ஜினியர் எல்லாக் கோட்டையும் அளந்துகொண்டார். ஓடைச் சுவரின் உயரம் அந்தத் தொட்டியை வைத்து முடிவானது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது வாயைத் திறக்காமல் மழுப்பினால், "போய் தொட்டியை கேளு" என்பார்கள். தம்ளரை உடைத்தது யார் என்பதிலிருந்து தேர்வில் மார்க் எவ்வளவு என்பது வரைக்கும் தொட்டிதான் சாட்சி. நைனா இப்போது சென்னையில் என்னோடு இருக்கிறார், சர்க்கரை வியாதி. மாதம் ஒரு தடவை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.

"இனிப்பு எதுனா சாப்பிடறீங்களா பெரியவரே?" என்று டாக்டர் கேட்பார்.

நைனா இன்றும் பொய் சொல்வதில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கை காட்டுவார். நான் எத்தனை அதிரசம், எந்தெந்தக் கிழமை என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவேன்.